டெர்பியின் பாரம்பரியத்துக்கு யார் விலை தருவது?

கடந்த 2025 செப்டம்பர் 10 அன்று பிரிட்டனில் குதிரைப் பந்தயம் எதுவும் நடைபெறவில்லை. இணையவழி பந்தயப் பணத்தின் மீதான வரிகளை ஒரே விகிதமாக்கும் அரசின் யோசனையை எதிர்த்து, அத்துறையே ஒருநாள் மைதானங்களை மூடியது. பாரம்பரியமும் வேலைவாய்ப்பும் அழியும் என்பது அதன் வாதம்.

அந்தப் பாரம்பரியத்தின் சிகரம், மூன்று வயதுக் குதிரைகள் ஓடும் எப்சம் டெர்பி. 12-ஆவது டெர்பி பிரபுவின் பெயரால் 1780-இல் தொடங்கிய இப்பந்தயத்தின் முதல் வெற்றியாளர் டயோமெட் என்ற குதிரை. அதற்கு முன்பு, முதிர்ந்த குதிரைகள் நான்கு மைல் தொலைவைப் பல சுற்றுகளாக ஓடுவதே வழக்கம். இளங்குதிரைகளுக்குக் குறுகிய தொலைவில் ஒரே ஓட்டம் என்ற மாற்றத்துக்குப் பின்னே பொருளாதாரக் கணக்கும் உண்டு. முதலீடு விரைவில் திரும்பும். குதிரையின் திறன் முழுமையாகத் தெரியாததால் பந்தயம் கட்டுவோரின் ஆர்வமும் பெருகும்.

வென்ற குதிரையின் உண்மையான மதிப்பு பரிசுத் தொகையில் இல்லை, அதன் சந்ததியில் இருக்கிறது. முதுமையில் சொற்ப விலைக்கு அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட டயோமெட், வர்ஜீனியாவில் புகழ்பெற்ற பந்தயப் பரம்பரைக்கே மூலமாயிற்று.

ஆனால், இத்துறையைத் தாங்கும் தூண்களுள் முக்கியமானது சூதாட்டப் பணம். 1961-இல் மைதானத்துக்கு வெளியே பந்தயக் கடைகள் அனுமதிக்கப்பட்டபோதே, அவற்றிடமிருந்து தீர்வை வசூலிக்கும் வாரியமும் அமைந்தது. குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட மொத்த லாபத்தில் 10 சதவீதம் இன்று அத்தீர்வை. அந்த லாபம் என்பது, பந்தயம் கட்டியோர் இழந்த பணமே.

நவம்பர் 2025 நிதிநிலை அறிக்கை இத்துறைக்குச் செவிசாய்த்தது. பிற இணையவழி விளையாட்டுப் பந்தயங்களுக்கான வரி 2027 ஏப்ரல் முதல் 25 சதவீதமாகிறது. குதிரைப் பந்தயத்துக்கோ 15 சதவீதமே தொடர்கிறது. லாய ஊழியர்களின் பிழைப்பைக் கருதினால் இது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும், வரிச்சலுகை என்பது மறைமுக மானியம். கால்பந்தில் பணம் இழப்பவருக்கும் குதிரையில் இழப்பவருக்கும் இல்லத்தில் விளையும் துயரம் ஒன்றுதான்.

பாரம்பரியம் காக்கப்பட வேண்டும் என்றால், அதற்கான செலவில் பெரும்பங்கை இனப்பெருக்கத்தால் செல்வம் ஈட்டுவோரும் குதிரை உரிமையாளர்களும் ஏற்க வேண்டும். தோற்பவரின் பணத்தை நம்பியே நிற்கும் பாரம்பரியம், ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையின்போதும் அஞ்சி நடுங்கவே நேரும்.