கிழநாய்க்கும் வைத்தியம் வேண்டும்

கீழ்ப் பழனிமலையிலுள்ள பாச்சலூரிலும் அதனையடுத்த கிராமங்களிலும் காப்பி, மிளகு, மலைவாழைத் தோட்டங்களையுடைய குடியானவர்கள் காவலுக்கு நாயையும், எலியை அடக்கப் பூனையையும் வளர்த்து வருகின்றனர். காட்டுப்பன்றி இறங்கும் ராத்திரிகளில் நாய் செய்யும் ஊழியம் யாவரும் அறிந்ததே. ஆயினும், மாட்டுக்கு நோய் கண்டால் உடனே வைத்தியரைத் தேடுவோர், நாய்க்கு வயதேறிக் குரைப்புக் குறைந்தவுடன் சோறு மாத்திரம் வைத்துவிட்டு மற்றவற்றை மறந்துவிடுகின்றனர். இது தயைக் குறைவு மாத்திரமன்று, ஊருக்கே அபாயமாகும்.

"கிழநாய்க்கு ஊசி எதற்கு?" என்று கேட்போர் உளர். வெறிநோய் வயது பார்த்து வருவதில்லை. தோட்டத்து நாயை வெறிகொண்ட பிராணி கடிப்பின், அந்நோய் வீட்டுக் குழந்தைகளை எட்ட அதிக தூரமில்லை. குறிகள் தோன்றியபின் மரணமே ஏறக்குறைய நிச்சயம். ஆதலின் மூன்றாம் மாதத்தில் தொடங்கும் தடுப்பூசியை, வைத்தியர் சொல்லும் தவணைப்படி, உயிருள்ளவரை வருஷந்தோறும் போடுவித்தல் வேண்டும்.

பொதுவாக ஏழு வயது கடந்த நாயையும் பத்து வயது கடந்த பூனையையும் முதுமை எய்தியனவாகக் கொள்ளலாம். அவற்றை ஆறு மாதத்துக்கொரு முறை கால்நடை வைத்தியரிடம் காட்டுதல் நலம். மிகுதியாய்த் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தல் சிறுநீரக நோய்க்கோ நீரிழிவுக்கோ குறியாயிருக்கலாம். வாய் நாற்றம், பற்காரை, தின்றும் மெலிதல், பெட்டை நாயின் மடியில் கட்டி, எழும்போது பின்னங்கால் தடுமாறல் ஆகியவற்றையும் 'வயதின் கோளாறு' என்று தள்ளிவிடலாகாது. மலைக்குளிரில் ஈரத்தரை தவிர்த்து உலர்ந்த சாக்கு விரித்தல் மூட்டுவலியைத் தணிக்கும். மனிதருக்குரிய பாரசிட்டமால் மாத்திரையைப் பூனைக்கு ஒருபோதும் கொடுக்கலாகாது. ஒரு மாத்திரையே அதனைக் கொன்றுவிடக்கூடும்.

வேலை நாளில் கிழநாயைத் தூக்கிக்கொண்டு மலையிறங்குவது எளிதன்று என்பது மெய்யே. இதற்குப் பரிகாரம் கிராம உத்தியோகஸ்தர்களிடமும் ஊராட்சியாரிடமும் இருக்கின்றது. 1885-ம் வருஷம் ஜூலை 6-ம் தேதி பாஸ்தர் என்னும் பிரெஞ்சு அறிஞர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதல் தடுப்பு மருந்து செலுத்துவித்தார். அந்நாளே விலங்கினின்று மனிதருக்குப் பரவும் நோய்களின் உலக தினமாக அனுசரிக்கப்படுகின்றது. காப்பிப் பழம் பறிக்கும் நெருக்கடி அப்பொழுது இல்லை. அதற்கு முன்னரே வீடுதோறும் நாய் பூனைகளைக் கணக்கெடுத்து, கிழப்பிராணிகளை விடாது சேர்த்து, கால்நடை வைத்தியரை மலைக்கே வரவழைத்து முகாம் நடத்துவித்தல் தக்கதாம்.