நம்பர் 1 இடம் கையில் இருந்தும் விற்பது ஏன்? என்.எஃப்.எல். டிராஃப்ட்டின் 'டிரேட் டவுன்' கணக்கு

2025 ஏப்ரலில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். அமைப்பின் டிராஃப்ட் நடந்தபோது, கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் கையில் இருந்தது 2-வது இடம். அந்த வருஷம் அதிகம் பேசப்பட்ட வீரர் டிராவிஸ் ஹண்டரை அவர்களே எடுத்திருக்கலாம். தாக்குதலிலும் ஆடுவார், தடுப்பிலும் ஆடுவார். இந்தக் காலத்தில் அப்படி ஒருவர் வருவது அபூர்வம். ஆனால் பிரவுன்ஸ் அந்த இடத்தையே ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, 5-வது இடத்துக்கு இறங்கியது.

பதிலுக்கு வாங்கியதில் ரொம்ப முக்கியமானது, ஜாகுவார்ஸின் 2026-ம் ஆண்டு முதல் சுற்று வாய்ப்பு. 2024 சீசனில் 17 ஆட்டங்களில் நாலே நாலில் ஜெயித்த அணி அது. அடுத்த சீசனிலும் அதே மாதிரி தோற்றால் பிரவுன்ஸுக்கு ஜாக்பாட்தான். ஆனால் நடந்தது என்ன தெரியுமா? 2025 சீசனில் ஜாகுவார்ஸ் 13 வெற்றி, 4 தோல்வி. அப்படியே தலைகீழ்! பிரவுன்ஸுக்கு வந்து சேர்ந்தது 24-வது இடம்.

அப்போ பிரவுன்ஸ் ஏமாந்துவிட்டதா? அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட முடியாது. இதே மாதிரி ஒரு பேரத்தில் சிகாகோ அணிக்கு அடித்த யோகத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

டிராஃப்ட் என்றால் என்ன?

ஐபிஎல் மாதிரி இங்கே ஏலம் கிடையாது. கல்லூரியில் ஆடிவிட்டு வரும் வீரர்களை 32 அணிகளும் வரிசையில் நின்று தேர்ந்தெடுக்கும். மொத்தம் 7 சுற்று. போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. 1936-லிருந்து நடக்கும் முறை இது. பலவீனமான அணியைக் கைதூக்கிவிடுவதுதான் நோக்கம்.

ஒவ்வொரு வாய்ப்புக்கும் 'பிக்' என்று பெயர். இந்த பிக்குகளை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். இன்னும் நடக்காத அடுத்த வருஷ டிராஃப்ட்டின் பிக்கைக்கூடக் கொடுக்கலாம். முன்னால் இருக்கும் இடத்தைக் கொடுத்துவிட்டு, பின்னால் உள்ள இடத்தையும் கூடவே வேறு சில பிக்குகளையும் வாங்குவதுதான் 'டிரேட் டவுன்'.

விலையை எப்படிப் பேசுகிறார்கள்? 1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் ஒரு புள்ளி அட்டவணையைப் பயன்படுத்த ஆரம்பித்தார். 1-வது பிக்குக்கு 3,000 புள்ளி, 2-வதுக்கு 2,600, 10-வதுக்கு 1,300, 32-வதுக்கு 590. இன்றைக்கு அணிகளிடம் வேறு வேறு அட்டவணைகள் இருக்கின்றன. ஆனாலும் ஒரு பேரம் நடந்தால் ரசிகர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது ஜான்சன் அட்டவணையைத்தான்.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. அடுத்த வருஷ பிக் எத்தனையாவது இடமாக வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அணிகள் அதை ஒரு சுற்று குறைத்தே மதிப்பிடும். அதாவது, அடுத்த வருஷ முதல் சுற்று பிக் என்றால் இந்த வருஷ இரண்டாம் சுற்று பிக்குக்குச் சமம் என்பது பழைய வழக்கம். டிரேட் டவுனில் பெரிய லாபமும் பெரிய ஏமாற்றமும் இங்கிருந்துதான் வருகின்றன.

சிகாகோவுக்கு அடித்த யோகம்

2022 சீசனில் சிகாகோ பேர்ஸ் 3 வெற்றி, 14 தோல்வி. ஆனாலும் 1-வது பிக் அவர்களுக்கு உறுதியாகவில்லை. கடைசி வாரம், 2023 ஜனவரி 8-ம் தேதி, ஹியூஸ்டன் டெக்சன்ஸ் தோற்றிருந்தால் அது ஹியூஸ்டனுக்குப் போயிருக்கும். அவர்களோ இண்டியானாபொலிஸை 32-31 என்று கடைசி நிமிஷத்தில் வீழ்த்திவிட்டார்கள். ஜெயித்ததால் நஷ்டம்! அந்த ஹியூஸ்டன் அணியின் பயிற்சியாளர் லவி ஸ்மித். ஒரு காலத்தில் சிகாகோவுக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்த ஆட்டம் முடிந்த கையோடு அவர் வேலையும் போனது.

சிகாகோவிடம் அப்போது ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக் இருந்தார். குவார்ட்டர்பேக் என்றால் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவெடுக்கும் ஆள். அணியின் தலைவிதியே பெரும்பாலும் அவர் கையில்தான். டல்லாஸ் அணி டாக் பிரெஸ்காட்டுக்கு வருஷத்துக்கு 6 கோடி டாலர் என்ற கணக்கில் ஒப்பந்தம் போட்டது. டிராஃப்ட்டில் வரும் புது குவார்ட்டர்பேக் நன்றாக ஆடினால், முதல் நாலு வருஷம் அதில் ஒரு சின்னப் பங்குக்கே கிடைப்பார். அதனால்தான் அவர் இல்லாத அணி, 1-வது பிக்குக்கு எந்த விலையும் கொடுக்கும்.

அப்படி வந்த அணி கரோலைனா பாந்தர்ஸ். 2023 மார்ச் 10-ம் தேதி பேரம் முடிந்தது. சிகாகோ வாங்கிய பட்டியலைப் பாருங்கள்: 2023-ன் 9-வது பிக், 61-வது பிக், 2024-ன் முதல் சுற்று பிக், 2025-ன் இரண்டாம் சுற்று பிக். இது போக டி.ஜே. மூர் என்ற நல்ல ரிசீவர். கரோலைனா 1-வது பிக்கில் பிரைஸ் யங்கை எடுத்தது. அடுத்து 2-வது இடத்தில் இருந்த ஹியூஸ்டன் சி.ஜே. ஸ்ட்ரவுட்டை எடுத்தது. தாக்குதல் பிரிவில் அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் விருது ஸ்ட்ரவுட்டுக்குத்தான் போனது.

முந்தைய சீசனில் கரோலைனா 7 வெற்றி, 10 தோல்வி. நடுத்தரமான அணி. அவர்களுடைய அடுத்த வருஷ பிக் 15-வது இடம் வாக்கில் வரும் என்று யாராவது நினைத்திருந்தால் தப்பே இல்லை. ஆனால் 2023 சீசனில் கரோலைனா 2 வெற்றி, 15 தோல்வி. லீக்கிலேயே கடைசி. சீசன் பாதியிலேயே பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கை அனுப்பிவிட்டார்கள். தோற்றால் வழக்கமாகக் கிடைக்கும் ஆறுதல் பரிசுகூட அவர்களுக்கு இல்லை. அந்தப் பரிசு ஏற்கெனவே சிகாகோவின் பெயரில் இருந்தது.

அதாவது சிகாகோ 1-வது பிக்கை விற்று, அந்த விலையின் ஒரு பகுதியாக இன்னொரு 1-வது பிக்கையே வாங்கிவிட்டது. வாங்கும்போது இரண்டாம் சுற்று விலை, கைக்கு வந்தபோது 3,000 புள்ளி.

இது சிகாகோ நிர்வாகத்தின் சாமர்த்தியமா, அதிர்ஷ்டமா? விற்க முடிவெடுத்தது சாமர்த்தியம். கரோலைனா கடைசிக்குப் போனது அதிர்ஷ்டம். இரண்டையும் குழப்பிக்கொண்டால்தான் பிரவுன்ஸ் மட்டும் முட்டாளாகத் தெரியும். 7 ஜெயித்த அணி 2-க்கு இறங்கியது, 4 ஜெயித்த அணி 13-க்கு ஏறியது. போன வருஷத்துப் புள்ளிப் பட்டியலை வைத்து இதைச் சொல்லியிருக்கவே முடியாது. அடுத்தவர் பிக்கை வாங்கினால், அந்த அணி தோற்க வேண்டும் என்று ஒரு வருஷம் முழுக்க வேண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆய்வு என்ன சொல்கிறது?

பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தாலரும், கேட் மேசியும் டிராஃப்ட் முடிவுகளை அலசி ஒரு ஆய்வு எழுதினார்கள். ஒரே இடத்தில் ஆடும் இரண்டு வீரர்களில், முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு சுமார் 52 சதவீதம்தான். பூவா தலையாவுக்குக் கொஞ்சம் மேல்! 'எனக்கு ஆள் தெரியும்' என்ற அதீத நம்பிக்கையில் அணிகள் முதல் இடங்களுக்கு அதிக விலை கொடுக்கின்றன, இறங்கிப் போகிறவருக்கே பொதுவாக லாபம் என்பது அவர்களின் முடிவு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது பழைய சம்பள முறைக் காலத்தில் தொடங்கிய ஆய்வு. 2010-ல் 1-வது பிக்காக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு 7.8 கோடி டாலர் வரை ஒப்பந்தம். மறு வருஷமே விதி மாறியது, கேம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கு சுமார் 2.2 கோடிதான். முதல் இடம் இப்போது பழையபடி செலவு பிடித்த சமாச்சாரம் இல்லை. ஆகவே விற்பதற்கான காரணமும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது.

விற்றால் மட்டும் போதுமா?

போதாது. 2012-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் 2-வது பிக்கை வாஷிங்டனுக்கு விற்றது. பதிலுக்கு 6-வது பிக், ஒரு இரண்டாம் சுற்று பிக், 2013, 2014 முதல் சுற்று பிக்குகள். வாஷிங்டன் எடுத்த ராபர்ட் கிரிஃபின் முதல் வருஷம் கலக்கினார், பிறகு முழங்கால் காயம், பழைய ஆட்டம் திரும்பவே இல்லை. 2014 டிசம்பரில் இரு அணிகளும் மோதியபோது, அந்த பிக்குகள் மூலம் வந்த வீரர்களையே டாஸ் போட அனுப்பி வாஷிங்டனை வெறுப்பேற்றியது ராம்ஸ். ஆட்டத்தையும் 24-0 என்று ஜெயித்தது.

நல்ல சீன்தான். ஆனால் 2012 முதல் 2016 வரை ஒரு சீசனில்கூட ராம்ஸ் தோல்வியைவிட அதிக வெற்றி பெறவில்லை. 2014-ல் கிடைத்த பிக் 2-வது இடமாகவே வந்தது. அதில் எடுத்த கிரெக் ராபின்சன் சோபிக்கவில்லை. கடைசியில் 2016-ல், குவார்ட்டர்பேக் வேண்டும் என்று ராம்ஸே பிக்குகளை அள்ளிக் கொடுத்து 1-வது இடத்துக்கு ஏறி ஜேரட் காஃபை எடுத்தது.

பஃபலோ பில்ஸ் கதை இன்னும் வலி. 2017-ல் 10-வது பிக்கை கான்சஸ் சிட்டிக்குக் கொடுத்து 27-க்கு இறங்கியது. கான்சஸ் சிட்டி எடுத்தது பேட்ரிக் மஹோம்ஸை. மூன்று சூப்பர் பௌல் வென்றுவிட்டார். பஃபலோ அடுத்த வருஷம் ஜாஷ் ஆலனைப் பிடித்து மீண்டது உண்மை. ஆனால் 2021 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரிக்குள் பிளே-ஆஃபில் நாலு முறை பஃபலோவை வெளியே அனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே மஹோம்ஸ்தான்.

சிகாகோவுக்கு 2024-ல் மறுபடி 1-வது பிக் வந்தபோது இந்த முறை விற்கவில்லை. ஃபீல்ட்ஸை பிட்ஸ்பர்குக்கு அனுப்பிவிட்டு கேலப் வில்லியம்ஸை எடுத்தது. 2025 சீசனில் 11 வெற்றியுடன் தன் பிரிவில் முதலிடம். வேடிக்கை என்னவென்றால், பிரைஸ் யங்கின் கரோலைனாவும் அதே சீசனில் பிளே-ஆஃபுக்கு வந்துவிட்டது.

பிரவுன்ஸ் பக்கம் வந்தால், 5-வது இடத்தில் எடுத்த தடுப்பு வீரர் மேசன் கிரஹாம், 36-வது இடத்தில் எடுத்த ரன்னிங் பேக் குவின்ஷான் ஜட்கின்ஸ் இருவரும் இருக்கிறார்கள். ஹண்டரோ முதல் சீசன் பாதியிலேயே முழங்கால் காயத்தால் வெளியேறினார். அதனால் கணக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் 2025 சீசனில் மூன்று பேரை மாற்றி மாற்றி குவார்ட்டர்பேக்காக இறக்கிய அணி அது. அவர்களுக்குத் தேவைப்பட்டது 24-வது பிக் இல்லை. 2005-ல் ஆரோன் ராட்ஜர்ஸ் எடுக்கப்பட்டதும் இதே 24-வது இடத்தில்தான் என்று கிளீவ்லேண்ட் ரசிகர்கள் வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.