பரணில் கிடக்கும் வாள் பழைய இரும்பா?

கட்டிங் மாஸ்டர் கையில் பெரிய கத்தரி. செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டும் பெண்கள் கையில் சின்னக் கத்தரி. தென்னந்தோப்பில் கொடுவாள். கறிக்கடையில் வெட்டுக்கத்தி. திருப்பூர் வட்டாரத்தில் கூர் இரும்பு இல்லாமல் ஒரு நாளும் ஓடாது!

வாரச் சந்தைக்குப் போனால் இது நன்றாகத் தெரியும். பட்டறைக்காரர் சாக்கை விரித்து கொடுவாள், கருக்கரிவாள், களைக்கொத்து, பாளை சீவும் கத்தி என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். வாங்க வருகிற விவசாயி விரலால் சுண்டிப் பார்ப்பார். 'கணீர்' என்று சத்தம் வந்தால்தான் பேரமே ஆரம்பம்.

இந்தக் கூட்டத்தில் எப்போதாவது ஒரு வித்தியாசமான ஆசாமி வருவார். புதுக் கத்தி அவருக்கு வேண்டாம். "பழசு ஏதாவது கிடக்குதுங்களா?" என்று கேட்பார். துருப்பிடித்த வாளையும், கொம்புப் பிடி போட்ட பிச்சுவாவையும் மணிக்கணக்கில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தபால் தலை சேர்ப்பவர் போல, பழைய காசு சேர்ப்பவர் போல, இவர் ஆயுதம் சேர்ப்பவர்!

அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களுக்காகவே சனி, ஞாயிறுகளில் மண்டபம் பிடித்து துப்பாக்கிக் கண்காட்சி நடத்துகிறார்கள். மேஜை மேல் துப்பாக்கியும் கத்தியும் பரப்பி வைத்து வியாபாரம் நடக்கிறது. அந்தக் கூத்து இங்கே வேண்டாம். 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. நம்மூர்ப் பழைய வாளை நம்மூர்க்காரன் பார்க்க ஓர் இடம் உண்டா?

உலகுக்கு உருக்கு கொடுத்த மண்!

திருப்பூரைத் தாண்டி நொய்யல் கிழக்கே ஓடுகிறது. அதன் வடகரையில் ஈரோடு மாவட்டத்தில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று பேர் வாங்கிய ஊர். 1985 முதல் அங்கே பல முறை அகழாய்வு நடந்தது. இரும்பு உருக்கிய உலைகளும், உருக்கு செய்ததற்கான தடயங்களும் வெளியே வந்தன. சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தப் பக்கத்து ஆட்கள் நல்ல உருக்கு செய்திருக்கிறார்கள்!

தென்னிந்திய உருக்கை வெள்ளைக்காரர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். பேர் போன டமாஸ்கஸ் வாள்களுக்கு இந்த வகை உருக்குதான் மூலப்பொருள். மின்சார ஆராய்ச்சியில் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே 1819ல் லண்டனில் இதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். லண்டன் விஞ்ஞானி தேடிப் படித்த இரும்பை, இங்கே பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் எடை போடுகிறார்கள். இதை என்னவென்று சொல்வது?

பறித்தது பாதி, உருக்கியது பாதி

பாளையக்காரர்களை அடக்கிய கையோடு, 1801 டிசம்பர் 1ந் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. கொங்கு நாட்டில் எதிர்த்து நின்ற தீரன் சின்னமலை 1805ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். 1855ல் தஞ்சாவூர் அரசு கம்பெனி வசம் போனது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் அரண்மனை ஆயுதசாலையே கலைக்கப்பட்டது. பெரும் பகுதி உடைத்து இரும்பாக்கப்பட்டது. தப்பியவற்றில் சில வாள்களும் கட்டாரிகளும் இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. 1878ல் வந்த ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது.

இத்தனையும் தாண்டி ஒரு வாள் ஒரு வீட்டுப் பரணில் கிடக்கிறது என்றால், அது லேசுப்பட்ட விஷயமா? ஆனால் வீட்டை இடித்துக் கட்டும்போது நடப்பது என்ன? "எங்க அப்பாரு காலத்ததுங்க, இதை வெச்சிருந்தா போலீஸ் வருமுங்களா?" என்று பயம். ராத்திரியோடு ராத்திரியாகக் கிணற்றில் போடுகிறார்கள். இல்லாவிட்டால் காயலான் கடைக்குப் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பயப்பட வேண்டியதற்குப் பயப்படத்தான் வேண்டும். உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் சிறைதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் உள்ளவர்கூட பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. உரிமதாரர் இறந்துவிட்டால் வாரிசுகள் அவர் துப்பாக்கியைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. போலீஸ் நிலையத்தில் சொல்லி, உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் அல்லது ஒப்படைக்க வேண்டும்.

ஆனால் அதே சட்டம் ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. பழங்கால மாடல், பழம்பொருள் மதிப்பு உள்ளது, பழுதானது ஆகியவற்றில், ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சுடுமா, சுடாதா என்பதை வீட்டுக்காரர் தானாக முடிவு செய்யக் கூடாது. அதிகாரிகளிடம் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கத்தி விஷயம் வேறு. 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்தி, வாள், ஈட்டி எல்லாம் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கான கருவிகளுக்கு விலக்கு உண்டு. கொடுவாள் தோப்பில் இருந்தால் கருவி. டவுன் பஸ்ஸில் இடுப்பில் இருந்தால் கதை வேறு!

மண் தோண்டும்போது கிடைக்கும் புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இது 1878ம் வருஷத்துப் புதையல் சட்டம். 100 வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இது 1972ம் வருஷத்துச் சட்டம். ஏற்றுமதி ஊர்க்காரர்கள் இதை மனதில் வைப்பது நல்லது.

ரவுடிக்குப் போட்ட வலை

2021 செப்டம்பரில் தமிழகப் போலீசார் மாநிலம் பூராவும் ரவுடி வேட்டை நடத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கத்தி, அரிவாள்கள் பிடிபட்டன. பட்டறைக்காரர்களையும் கடைக்காரர்களையும் கூப்பிட்டு, கத்தி வாங்குகிறவர் பெயர், விலாசம், போன் நம்பர் எழுதி வையுங்கள், காமிரா மாட்டுங்கள் என்றார்கள். அரிவாளால் கேக் வெட்டிப் படம் எடுத்துப் போடும் வாண்டுகளைப் பார்த்தால், போலீஸ் செய்ததில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் வலை வீசும்போது மீன் எது, தவளை எது என்று பார்க்க வேண்டும். சந்தையில் சாக்கு விரித்து உட்காரும் பட்டறைக்காரர் காமிராவை எந்தத் தூணில் மாட்டுவார்? பாளைக் கத்தி வாங்க வந்த விவசாயியைக் குற்றவாளி போல விசாரித்தால், அவர் கடைக்கு வருவதையே விட்டுவிடுவார். ரவுடியோ பேர் எழுதிக்கொடுத்து அரிவாள் வாங்கப் போவதில்லை!

செய்ய வேண்டியது

கோவையிலும் ஈரோட்டிலும் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அங்கிருந்து அதிகாரிகள் வருஷத்துக்கு ஒரு நாள் திருப்பூரில் வந்து உட்காரட்டும். பக்கத்திலேயே ஒரு போலீஸ் அதிகாரியும் இருக்கட்டும். பரணில் இருப்பதைப் பற்றி ஜனங்கள் முதலில் வந்து சொல்லட்டும். எது பழம்பொருள், எது உரிமம் வேண்டியது, எது வெறும் இரும்பு என்று அங்கேயே பிரித்துச் சொல்லட்டும். தானாக வந்து சொல்கிறவரைக் கேஸ் போட்டு அலைக்கழிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்த நம்பிக்கை வராமல் ஒரு வாள்கூட வெளியே வராது.

அதுவரை ஜனங்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. பழைய வாளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். துருவோடு சேர்ந்து அதன் வரலாறும் உதிர்ந்துவிடும். குழல் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி கண்ணில் பட்டால் தொடாதீர்கள். எத்தனை வருஷம் கழித்தும் உள்ளே மருந்து இருக்கலாம். அதைக் காயலான் கடையில் கேஸ் வெல்டிங்கால் வெட்டப் போனால் உயிருக்கே ஆபத்து. போலீசுக்குச் சொல்லி, அவர்களை வந்து எடுக்கச் சொல்லுங்கள்.

இரும்புக்குக் கிலோ இத்தனை ரூபாய் என்று காயலான் கடையில் விலை சொல்லிவிடுவார்கள். உருக்கிய பிறகு அந்த வாளை எந்த விலை கொடுத்தும் திருப்பி வாங்க முடியாது.