நாரி வலிக்கு மின்கருவி: நிரூபணம் எங்கே?

நாட்பட்ட நாரி வலி ஒருவரைக் கொல்வதில்லை. ஆனால், அவரது தொழிலையும் தூக்கத்தையும் படிப்படியாகப் பறித்துவிடுகின்றது. 2020 ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61 கோடியே 90 இலட்சம் பேர் நாரி வலியால் பாதிக்கப்பட்டிருந்தனர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. இத்தனை பெரிய துன்பம் உள்ள இடத்தில் பெரியதொரு சந்தையும் உருவாவதில் வியப்பில்லை.

அச்சந்தையின் விலையுயர்ந்த பொருட்களில் ஒன்று, உடலுக்குள் பொருத்தப்படும் நரம்புத் தூண்டற் கருவியாகும். முண்ணாணை அண்டி மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, தோலின் கீழ் பற்றரியுடன் கூடிய சிறு பெட்டியொன்றைப் பதித்து, மின்துடிப்புகளால் வலியை மழுங்கச் செய்வதே இதன் நோக்கம். வலிச் செய்தி மூளையை அடையுமுன் முண்ணாணில் ஒரு வாயிலைக் கடக்கின்றது, அவ்வாயிலை மூடிவிட முடியும் என 1965 இல் மெல்சாக்கும் வோலும் முன்வைத்த கோட்பாடே இதற்கு அடிப்படை. 1967 இல் அமெரிக்காவில் நோர்மன் ஷீலி முதன்முதலாக இதனை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்.

ஆயினும், அரை நூற்றாண்டு கடந்த பின்னரே நோர்வேயில் ஒரு நேர்மையான சோதனை நடந்தது. நாரியில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பின்னரும் காலுக்குப் பரவும் வலியால் வருந்திய 50 பேருக்குக் கருவி பொருத்தப்பட்டது. அது சில மாதங்கள் இயங்கியது. சில மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. எப்போது எது என்பது நோயாளிக்குத் தெரியாது. அவர்களது இயலாமையை அளக்கும் நூறு புள்ளி அளவுகோலில், கருவி இயங்கியபோது 10.6 புள்ளிகள் குறைந்தன. இயங்காதபோதும் 9.3 புள்ளிகள் குறைந்தன! 2022 ஒக்டோபரில் வெளியான இம்முடிவு கருவியின் ஆதரவாளர்களுக்கு உவப்பாக இருந்திராது. 13 ஆய்வுகளைப் பரிசீலித்த கொக்ரேன் அமைப்பின் 2023 அறிக்கையும், ஆய்வுகளுக்கு வெளியே நாரி வலிக்கு இக்கருவியைப் பயன்படுத்துவதற்குச் சான்றுகள் இடமளிக்கவில்லை என்றே முடிவு செய்தது.

பயனில்லை என்பதோடு விடயம் முடிந்துவிடவில்லை. 2008 முதல் இக்கருவிகள் தொடர்பாக 80,000 இற்கும் அதிகமான பாதிப்பு முறைப்பாடுகள் அமெரிக்க அதிகாரிகளுக்குக் கிடைத்திருந்ததை 2018 இல் அசோசியேட்டட் பிரஸ் வெளிப்படுத்தியது. நோர்வே ஆய்விலும் நால்வருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது.

முண்ணாணை விடுத்து, முதுகின் ஆழ்தசையை இயக்கும் நரம்பைத் தூண்டும் புதிய வகைக் கருவியொன்றுக்கு 2020 ஜூனில் அமெரிக்கா அங்கீகாரம் வழங்கியது. 204 பேரிடம் நடந்த அதன் பிரதான சோதனையில் கருவி பயனளித்தோர் 57 வீதம். பெயரளவிலான மின்சாரம் பெற்ற மற்றைய குழுவில் 47 வீதம். புள்ளிவிபர ரீதியில் இவ்வேறுபாடு தற்செயலானதாகவும் இருக்கலாம். இருந்தும் அனுமதி கிடைத்தது. ஒரு மருந்து இவ்வாறான முடிவுடன் வந்திருந்தால் இத்தனை இலகுவாகக் கதவு திறந்திருக்குமா என்பது சந்தேகமே.

தமக்குச் சுகம் கிடைத்ததாகக் கூறும் நோயாளிகள் பொய்யுரைக்கவில்லை. நோர்வேயிலும் சுகம் கிடைத்தது, கருவி நிறுத்தப்பட்டிருந்த மாதங்களிலும் கூட. கம்பனிகள் இதற்குப் பதில் கூறவேண்டும். அதுவரை, சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையொப்பம் கேட்கும் வைத்தியர், அந்த 10.6 ஐயும் 9.3 ஐயும் முதலில் நோயாளிக்குச் சொல்லட்டும்.