மாரியப்பனைப் பாடி ஆடுவோம்

நம் ஆண்டு விழாவில் ஒரு மணி நேரமாவது இசை நாடகம் ஒன்று நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. திரைப்பாட்டை ஒலிக்கவிட்டு நம் பிள்ளைகள் ஆடும்போது நானும் கைதட்டுகிறேன். ஆனால் அவர்கள் வாய் அசைகிறதே தவிர, தமிழ் வருவதில்லை.

கதைக்கு மாரியப்பன் தங்கவேலு இருக்கிறார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாயார் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் வளர்த்தார். சத்தியநாராயணாவிடம் அவர் உயரம் தாண்டப் பயிற்சி பெற்றது நம் பெங்களூரில்தான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்.

விளையாட்டு வீரர் வாழ்க்கையைப் பாடி நடிப்பதா என்று சிரிக்க வேண்டாம். குத்துச்சண்டை வீரர் எமில் கிரிஃபித்தின் கதையை டெரன்ஸ் பிளான்சர்டு 'சாம்பியன்' என்ற ஆப்பெராவாக்கினார். 2013இல் செயின்ட் லூயிஸில் அரங்கேறிய அது, 2023இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவுக்கே வந்தது.

நாம் அவ்வளவு தூரம் போவானேன்? நம்மிடம் நொண்டி நாடகம் இருக்கிறது. (இன்று ஒரு மனிதரைப் பார்த்துச் சொல்லக் கூடாத சொல், நூல்வகையின் பெயர் என்பதால் எழுதுகிறேன்.) திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம் என்று பல உண்டு. நாயகன் தானே வந்து தன் கதையைச் சிந்தில் பாடுவான். அவன் திருடி அகப்பட்டுக் கால் வெட்டப்பட்டவன். முடிவில் இறையருளால் கால் திரும்பக் கிடைக்கும். பாரதியாரும் பாஞ்சாலி சபதத்தில் அந்தச் சிந்தைக் கையாண்டிருக்கிறார்.

அந்தச் சிந்தை எடுத்துக்கொள்வோம், கதையைத் திருப்பிப் போடுவோம். மாரியப்பன் குற்றம் செய்து காலை இழக்கவில்லை. அவர் கால் வளரவும் இல்லை. வளராத காலோடுதான் தாண்டினார். ஆகவே அவரைக் கண்டு சபை 'ஐயோ பாவம்' என்று கண்ணீர் விடும்படி ஒரு வரிகூட இருக்கக் கூடாது.

தாண்டுவதை மேடையில் எப்படிக் காட்டுவது? கூத்தில் இருவர் திரை பிடிப்பார்களே, அதுவே குறுக்குக் கம்பு. ஓடிவரும் அடிகளை மிருதங்கச் சொற்கட்டாக வைக்கலாம். தாண்டும் கணத்தில் மிருதங்கம் நிற்க வேண்டும்.

தங்கத்தோடு மங்களம் பாடிவிடவும் கூடாது. 2021இல் டோக்கியோவில் மழை. ஊனக்காலின் காலுறை நனைந்து, 1.86 மீட்டரோடு வெள்ளி. அமிர்தவர்ஷினி பாடினால் மழை வரும் என்பார்கள்; நிறுத்த எந்த ராகமோ, வித்துவான்கள் சொல்லட்டும்! 2024இல் பாரிஸில் 1.85 மீட்டர், வெண்கலம். பதக்கத்தின் நிறம் இறங்கினாலும் மனிதர் மீண்டும் மீண்டும் கம்பின் முன் வந்து நிற்கிறாரே, எனக்கு அந்தக் காட்சிதான் பெரிது.

அவர் நம்மிடையே வாழ்கிறவர். முதலில் அவரிடமும் தாயாரிடமும் சம்மதம் கேட்க வேண்டும். மறுத்தால் விட்டுவிட வேண்டும். சம்மதித்தால் பாட்டு எழுத நான் தயார். தாயார் வேடத்துக்கு மட்டும், காய்கறிக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே பாடக்கூடிய குரல் ஒன்று தேவை. நம் வீடுகளில் யாரிடமாவது அது இருந்தால் செயற்குழுவிடம் சொல்லுங்கள்.