கம்பமும் கம்பமேறுபவனும்

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்து மின்சாரக் கம்பெனிகளின் விவகாரம், பொதுச் சொத்தை நிர்வகிக்கும் எவரும் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. ஒரே வீதியில் இரண்டு வரிசைக் கம்பங்களை நட்டுப் போட்டி நடத்த இயலாது. ஆகவே ஒவ்வொரு கம்பெனியும் ஐந்து வருஷங்களில் எவ்வளவு வசூலிக்கலாமென்பதை ஆஸ்திரேலிய எனர்ஜி ரெகுலேட்டர் என்னும் ஸ்தாபனம் நிர்ணயிக்கிறது. 2015-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ஆஸ்கிரிட், எண்டவர், எஸென்ஷியல் என்ற மூன்று சர்க்கார் கம்பெனிகளும் கேட்ட தொகையை அது பெரிதும் வெட்டிற்று. கம்பெனிகள் ஆட்குறைப்பில் இறங்கின. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

வெட்டியது தவறென்று நாம் கூறவில்லை. மின்சாரத் தேவை பெருகிக்கொண்டே போகுமென்று கணக்கிட்டு, மாகாண சர்க்கார் விதித்த கடுமையான நிபந்தனைகளையும் காட்டி, கம்பெனிகள் ஏராளமாகக் கட்டின. தேவையோ பெருகவில்லை. செலவு மட்டும் குடும்பங்களின் தலையில் விழுந்தது. அவர்களுக்கு நிவாரணம் அவசியமே.

ஆனால் தவறு யாருடையது? தண்டனை யாருக்கு? கணக்குப் போட்டவர் மேலதிகாரி. நிபந்தனை விதித்தவர் மந்திரி. லாபம் பெற்றது சர்க்கார் கஜானா. கம்பியைப் பழுது பார்த்தவன் இவற்றில் எதிலும் சேர்ந்தவனல்லன். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. முன்பு சுமார் 10 சதவிகிதமாயிருந்த வருவாய் விகிதம் 7-க்கும் கீழே குறைக்கப்பட்டது உண்மையே. எனினும் கட்டி முடித்த முதல் கணக்கிலிருந்து நீங்கவில்லை. வேண்டாத கம்பத்துக்கும் பல்லாண்டு வருவாய் உண்டு. இன்றே குறைக்கக்கூடியது நடைமுறைச் செலவு. அதாவது, கம்பத்துக்கு வட்டி நிற்காது. கம்பமேறுபவனுக்குச் சம்பளம் நின்றுவிடும்!

பின்னர் நேர்ந்ததையும் கவனிக்க வேண்டும். 2016 பிப்ரவரியில் ஆஸ்திரேலியப் போட்டி டிரிபியூனல் அந்நிர்ணயத்தை ரத்து செய்தது. நடைமுறைச் செலவை மற்றக் கம்பெனிகளோடு ஒப்பிட்ட முறையிலும் அது குறை கண்டது. 2017 மே மாதத்தில் பெடரல் கோர்ட்டும் இதைப் பெரும்பாலும் ஆமோதித்தது. கம்பெனிகளுக்கு அப்பீல் இருந்தது. பணத்தைப் பற்றி மறுபடியும் வாதாட இடமிருந்தது. வேலையிழந்தவனுக்கு அவ்வழக்கில் இடமேது?

எஸென்ஷியல் கம்பெனியின் கம்பிகள் மாகாண விஸ்தீரணத்தில் சுமார் 95 சதவிகிதத்தில் பரவியுள்ளன. புயலடித்த இரவில் அங்கே வேண்டியவர் கணக்கரல்லர். ஏணியும் அனுபவமும் உள்ள தொழிலாளரே. ஆகையால் வருமானத்தை வெட்டும் ஒவ்வோர் உத்தரவோடும், முதலாளியின் லாபத்தில் எவ்வளவு, மேலதிகாரிகளின் சம்பளத்தில் எவ்வளவு, வீண் கட்டட முதலில் எவ்வளவு குறைகிறதென்ற கணக்கும் பகிரங்கமாக வெளியாக வேண்டும். அக்கணக்கு வெளியாகுமுன் ஒரு தொழிலாளியையும் நீக்கலாகாது. சிக்கனம் மேலிருந்து துவங்கினால் அது சீர்திருத்தம். கீழிருந்து துவங்கினால் அது பழியை மாற்றும் தந்திரமே.