முதல் வரியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்!

மென்பொருள் பாதியில் செத்து விழுந்தால் டீபக்கர் ஒரு பட்டியலைக் காட்டும். அதற்குப் பெயர் ஸ்டாக் ட்ரேஸ். எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று கீழிருந்து மேலாக அடுக்கியிருக்கும். உச்சியில் இருப்பது உயிர் போன இடம். உடனே "இவன்தான் குற்றவாளி" என்று கை நீட்டுகிறார்களே, அதுதான் தப்பு! ட்ரையல் பேலன்ஸ் இடித்தால், கடைசியாகக் கூட்டல் போட்டவர் தலையில் பழியைப் போடுவாரா ஆடிட்டர்? வவுச்சர் வரை பின்னோக்கிப் போக மாட்டாரா?

2024 ஜூலை 19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரை காட்டின. விமானங்கள் நின்றன. ஆஸ்பத்திரி வேலைகள் முடங்கின. ஊரே மைக்ரோசாஃப்டைத் திட்டியது. ட்ரேஸின் உச்சியில் இருந்ததும் விண்டோஸ் கெர்னலின் ஃபங்ஷன்கள்தான். ஆனால் அவை தீப்பிடித்ததும் மணி அடித்தவை, தீ வைத்தவை அல்ல! அவற்றுக்குக் கீழே இருந்தது 'சிஎஸ்ஏஜென்ட்' என்ற கிரவுட்ஸ்ட்ரைக்கின் டிரைவர்.

அதோடு முடிந்ததா? இல்லை. அடுத்த அவசரக்காரர்கள் "நல் பாயிண்டர்" என்று தீர்ப்பு எழுதினார்கள். அதுவும் தவறு. ஆகஸ்டில் வெளியான நிறுவனத்தின் அறிக்கை சொன்ன காரணம் வேறு. புது விதி 21 மதிப்புகளை எதிர்பார்த்தது. டிரைவர் கொடுத்ததோ 20. இல்லாத 21-வதைத் தேடி எல்லை தாண்டிய நினைவகத்தைப் படித்ததில் கணினி கவிழ்ந்தது. சோதனைகளில் அந்த 21-வது இடத்துக்கு "எதுவானாலும் சரி" என்று விட்டிருந்ததால் ஓட்டை தெரியவில்லை. அப்டேட்டைச் சிறிது சிறிதாக அனுப்பிப் பார்க்கவும் இல்லை.

இதில் எதையாவது ட்ரேஸ் சொல்லுமா? எங்கே விழுந்தது என்று சொல்லும். ஏன் விழுந்தது, யார் சோதிக்காமல் விட்டார்கள் என்று சொல்லாது.

"அப்படியானால் ட்ரேஸ் எதற்கு?" என்று கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் தேடுவதற்கே இடம் தெரியாது. அது முதல் சாட்சி, நீதிபதி அல்ல. சாட்சியை முழுசாக விசாரிக்காத அலுவலகத்தில், உச்சி வரியை எழுதிய ஜூனியருக்கு மெமோ போகும். சோதனையே இல்லாமல் வெளியிடச் சொன்ன மேலாளர் அடுத்த வெளியீட்டுக்குத் தேதி குறித்துக்கொண்டிருப்பார். ஓட்டை அப்படியே இருக்கும்!